சர்ச் வாசலில் பி.பி. பார்க்கிறோம், இரண்டாவது வாரமே ஆள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

வண்ணாரப்பேட்டை தையல்காரி:

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை, மாதம் ஒரு அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது), அவ்வளவுதான் என் பக்தி. போன கோடையில் எங்கள் தெரு அக்கா ஒருவர், 46 வயது, மீன் கூடையை இறக்கி வைத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், வலது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. தனக்கு ப்ரஷர் இருந்ததே அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் ஃபாதரிடம் கேட்டு சர்ச் வாசலில் முகாம் போட்டோம். ஷாமியானா, பேனர், மைக், ஒரு டாக்டர். 130 பேர் வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை மெஷினோடு உட்கார்ந்தோம், நாலு பேர். அதற்கடுத்த வாரம் ஒரே ஒருவர், அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

இன்னொன்று. முகாமில் 'மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி' என்று ஒருவர் பேசினார். ஒரு பெண்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் அதே பெண்கள் என் கடையில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடக்குது, குழு லோன் வசூலுக்கு வருகிறவன் வாசலிலேயே நிற்கிறான், வீட்டுக்காரர் குடி. கழுத்தில் அளவு நாடா தொங்கினால்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

நடுவில் ஒருவர் வந்து, "மதம் மாத்த ஆள் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் தெருவில் அம்மன் கோயிலும் உண்டு, இரண்டு தெரு தள்ளி பள்ளிவாசலும் உண்டு. இதைத் தொடர்ந்து நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை சிஸ்டர் (ஓய்வு):

அரசு ஆஸ்பத்திரியில் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள், அதனால் கொஞ்சம் அதட்டலாகத்தான் வரும். தப்பா எடுத்துக்காதம்மா.

முதலில், முகாமில் எடுத்த கணக்கை நம்பாதே. வெயிலில் வரிசையில் நின்றவரை உட்கார்ந்த உடனே பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் காட்டும். முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வை. கால் தரையில் பதியட்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். டீயோ பீடியோ முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ரெண்டு முறை எடு. 140க்கு 90ஐத் தாண்டினால் வேறு நாளில் மறுபடி பார். 180, 120 என்று காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் யோசிக்காமல் 108.

மாத்திரை மட்டும் நீங்கள் கொடுக்காதீர்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அங்கே பெயர் பதிந்திருக்கிறதா என்று கேட்டு நோட்டில் எழுதுவதுதான் உங்கள் வேலை. தூக்கமில்லை, செத்துடலாம் போலிருக்கு என்று யாராவது சொன்னால் டெலிமானஸ் 14416, அரசின் மனநல உதவி எண். நீயே பக்கத்தில் இருந்து போட்டுக் கொடு. நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் அது இடுப்பு முடிச்சிலேயே கிடக்கும்.

சர்ச்சில் ப்ரஷர் பார்ப்பதா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று. நியூயார்க்கில் கருப்பின மக்கள் போகிற 32 சர்ச்சுகளில் இதை ஆராய்ச்சியாகவே நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். வாரம் ஒன்றாக 11 வகுப்பு, அப்புறம் மாதம் ஒரு முறை தனியாக உட்கார்ந்து பேச்சு. நடத்தியது டாக்டர்கள் இல்லை, அதே சர்ச்சுக்கு வருகிற பயிற்சி பெற்ற ஆட்கள். ஆறு மாதத்தில் ப்ரஷர் நன்றாகவே இறங்கியது. இதைச் செய்ய ஷாமியானா தேவையில்லை.

ராயபுரம் பாய்:

அக்கா, எங்கள் பள்ளிவாசலில் நடந்ததைச் சொல்கிறேன். ரம்ஜானில் அசர் தொழுகை நேரத்துக்கு நோன்புக் கஞ்சி ஊற்றுவோம். தூக்குச்சட்டியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் முஸ்லிம் இல்லை. அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சும் மெஷினும் வைத்தோம். கஞ்சிக்கு வந்தவர்கள் கையை நீட்டினார்கள். கூப்பிட்டு யாரும் வரவில்லை, வந்த இடத்தில் காட்டினார்கள், அவ்வளவுதான். உங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்களே, அங்கே போய்க் கேளுங்கள்.

பேனரை எடுத்துவிடுங்கள். நாங்கள் முதல் வருஷம் கமிட்டிக்காரர்கள் போட்டோ போட்டுப் பேனர் கட்டினோம். யார் படம் பெரிசு என்ற சண்டையில் எங்கள் ப்ரஷர்தான் ஏறியது.

சுகர்காரர்கள் நோன்பு பிடிப்பதென்றால் முன்னாடியே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை ஜும்மா அன்று இமாமே சொன்னார், கேட்டார்கள். நான் சொன்னால் யார் கேட்பது!

வியாசர்பாடி ஆட்டோ:

சும்மா மூச்சை இழுத்து விடு, தியானம் பண்ணு என்று மட்டும் சொல்லாதீர்கள். கொடுங்கையூர் குப்பை மேட்டுக் காற்று அடிக்கும்போது எந்த மூச்சை இழுப்பது? தண்ணி லாரி வரவில்லை, லோன்காரன் வந்துவிட்டான், இதுதான் இங்கே அழுத்தம். மெஷின் பக்கத்தில் மனு எழுதத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை. என் அம்மாவுக்குப் பென்ஷன் வந்த மாசம்தான் தூக்கமே வந்தது.

வண்ணாரப்பேட்டை தையல்காரி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். பாய் சொன்னபடி பேனரைக் கழற்றிவிட்டோம். சர்ச் வாசலையும் விட்டாச்சு. மீன் விற்கிற அக்காக்கள் விடியலுக்கு முன்னமே காசிமேடு ஏலத்துக்குப் போய்விடுகிறார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கண் சொக்குகிறது. வியாபாரம் முடிந்து வருகிற மதியம் மூன்று மணிதான் அவர்களுக்குத் தோது. அதனால் புதன்கிழமை மூன்று மணிக்கு அம்மன் கோயில் திண்ணை. பூசாரி அண்ணன் பெஞ்சு கொடுத்தார், முதல் ஆளாகக் கையையும் நீட்டினார். 158க்கு 96.

இப்போது வாரம் 20 பேர் வரை வருகிறார்கள், 14 பேர் தொடர்ந்து. ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொன்னால்தான் சிரிப்பு. அளந்து முடிந்ததும் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடிவதில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னேன், "கருவாடு விக்கிறவகிட்டயே சொல்றியா?" என்று ஒரு அக்கா திருப்பிக் கேட்டார். பதில் தெரியவில்லை. மனு எழுத பன்னிரண்டாவது படிக்கிற பெண் ஒருத்தி வருகிறாள். வருகிற ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் 61 நாள் வருமானம் நின்றுபோகும், அப்போது கூட்டம் அதிகமாகும் என்று நினைக்கிறேன்.

சிஸ்டர், ஒரு சந்தேகம். கை பருமனாக இருக்கிறவர்களுக்குப் பட்டை சுற்றவே எட்டவில்லை. இழுத்துக் கட்டலாமா?

தண்டையார்பேட்டை சிஸ்டர் (ஓய்வு):

கட்டாதே, கூட்டிக் காட்டும். நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிக்கல் கடைகளில் பெரிய பட்டை கேள். மெஷினையும் எடுத்துக்கொண்டு போ, எல்லாப் பட்டையும் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. புதன்கிழமை மூன்று மணிக்கு நானும் வருகிறேன். சாய்கிற நாற்காலி ஒன்று போட்டு வை, எனக்கு.