பாட்டி வீட்டுக் கூட்டம்: வண்டில ஒரு சத்தம்

கார்த்தி: நாளைக்குப் பாட்டி டிஸ்சார்ஜ். நானும் அப்பாவும் 5 மணிக்குக் கிளம்புறோம். ஆனா வண்டி மேடு ஏறும்போது டக்டக்டக்னு சத்தம். தகர டப்பாக்குள்ள கோலிக்குண்டு உருட்டுற மாதிரி

ரேவதி சித்தி: பாட்டிக்குச் சால்வை எடுத்துக்கோ

செல்வி: எந்த வண்டி

கார்த்தி: மாமா வித்த வண்டி

செல்வி: 🤐

சுந்தரம் மாமா: வித்தது இல்ல. சொந்தத்துக்குள்ள கொடுத்தது. என்கிட்ட 4 வருஷம் இருந்துச்சு, ஒரு சத்தம் கிடையாது

கார்த்தி: என்ன பெட்ரோல் போட்டீங்க மாமா?

சுந்தரம் மாமா: ஒசத்திதான். பவர் ஜாஸ்தி

குமார் சித்தப்பா: மச்சான், பவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல

செல்வி: வகுப்பு ஆரம்பம்

குமார் சித்தப்பா: ஒசத்தின்னா ஆக்டேன் நம்பர் ஜாஸ்தி, அவ்வளவுதான். அந்த நம்பர்ங்கிறது பெட்ரோலோட பொறுமை. எவ்வளவு அழுத்தினாலும் தானா வெடிக்காம இருக்கா, அவ்வளவுதான். ஐசோ ஆக்டேன், ஹெப்டேன்னு ரெண்டு திரவம், முதலாவதுக்கு 100, ரெண்டாவதுக்கு 0ன்னு வச்சு அளக்குறாங்க. ஸ்பார்க் பத்தவச்ச தீ சிலிண்டர் முழுக்கப் பரவுறதுக்குள்ள, ஓரத்துல மிச்சம் இருக்கிற கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிச்சா அதுதான் கார்த்தி சொல்ற கோலிக்குண்டு. டர்போ வண்டில அழுத்தம் அதிகம், அதனால பொறுமையும் அதிகம் வேணும். 91 போதும்ங்கிற வண்டில 98 ஊத்தினா காசு போகும், வேற ஒண்ணும் நடக்காது

கார்த்தி: நான் 91 தான் போடுறேன்

திவ்யா: நான் இங்க அமெரிக்கால 87 போடுறேன். ஒரு சத்தமும் இல்லையே

சுந்தரம் மாமா: பாத்தியா!

குமார் சித்தப்பா: திவ்யா, அங்க ரெண்டு விதமா அளந்து சராசரியை பங்க்ல எழுதுறான். நாம ஒரு அளவை மட்டும் பாக்குறோம். உன் 87 இங்க கிட்டத்தட்ட 91

திவ்யா: ஓ

பெரியம்மா: *விடியற்காலையில் பெட்ரோல் போடுங்கள்! குளிரில் பெட்ரோல் கெட்டியாக இருக்கும்! அதிகம் கிடைக்கும்! அனைவருக்கும் பகிரவும்!*

குமார் சித்தப்பா: அண்ணி, பங்க்ல டாங்க் தரைக்கு அடியில இருக்கு. காலை, மதியம்னு சூடு பெருசா மாறாது

பெரியம்மா: எனக்கு வந்துச்சு அனுப்பினேன்

செல்வி: ஒசத்தி போட்டா என்ஜின் சுத்தமாகுமாமே?

குமார் சித்தப்பா: சுத்தம் பண்றது அதுல கலக்குற மருந்து, நம்பர் இல்ல. ரெண்டையும் சேர்த்தே விக்கிறதால ஒண்ணுன்னு தோணுது. கார்த்தி, புத்தகத்துல என்ன போட்டிருக்கு?

கார்த்தி: எந்தப் புத்தகம். மாமா இன்னும் தரல. ரெண்டாவது சாவியும்

சுந்தரம் மாமா: அலமாரில இருக்கு. வந்து வாங்கிக்கோன்னு எத்தனை தடவை சொன்னேன்

கார்த்தி: ஒரு தடவை

ரேவதி சித்தி: அதை இங்க பேசாதீங்க

குமார் சித்தப்பா: பெட்ரோல் மூடிக்குப் பின்னால பாரு

கார்த்தி: (படம்) பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்தான் இருக்கு

செல்வி: 😂😂

சுந்தரம் மாமா: அது பேத்தி ஒட்டினது

குமார் சித்தப்பா: பிரி

கார்த்தி: (படம்) நகத்தால சுரண்டினேன், இறக்கை பாதி கிழிஞ்சிடுச்சு. அடியில "குறைந்தது 95"

செல்வி: மாமா!!

சுந்தரம் மாமா: அதான் ஒசத்தி போடுன்னு சொன்னேனே

கார்த்தி: எப்போ?

குமார் சித்தப்பா: விடுங்க. இப்ப டாங்க்ல எவ்வளவு?

கார்த்தி: 45க்கு 20 லிட்டர் இருக்கும்

குமார் சித்தப்பா: மீதி 25க்கு 95 ஊத்து. கலந்து 93 சொச்சம் வரும். இந்த முறை முழுசா சரியாகாது, சத்தம் குறையும். மேட்டுல பெரிய கியர்ல இழுக்காத, ஒரு கியர் இறக்கு. ஆக்ஸிலரேட்டரைப் போட்டு மிதிக்காத. புது வண்டில சென்சார் இதைக் கேட்டு ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும், பதிலுக்கு இழுவையும் மைலேஜும் குறையும். அதையும் மீறிக் காதுல விழுதுன்னா லேசா விடாத. 95 போட்டும் போகலைன்னா என்ஜின் உள்ள கார்பன் படிஞ்சிருக்கலாம், மெக்கானிக்கிட்ட காட்டு

கார்த்தி: மைலேஜ் 2 மாசமா கம்மிதான் சித்தப்பா. என் ஓட்டுற லட்சணம்னு அப்பா திட்டினாரு

அப்பா: அதுவும்தான்

செல்வி: பாட்டில்ல விக்கிறாங்களே, ஆக்டேன் ஏத்துற மருந்து?

குமார் சித்தப்பா: பங்க்லயே 95 கிடைக்கும்போது எதுக்கு

ரேவதி சித்தி: என் வண்டில போயிடலாமே

அப்பா: அதுல பின் சீட்ல பாட்டி காலை நீட்ட முடியாது

திவ்யா: வாடகை வண்டி?

அப்பா: பாப்போம். காலைல சொல்றேன்

கார்த்தி: காலைலன்னா 5 மணிக்குப்பா!!

சுந்தரம் மாமா: கார்த்தி

கார்த்தி: சொல்லுங்க மாமா. சாவியா?

சுந்தரம் மாமா: படத்தைப் பேத்தி பாத்துட்டா. அழுறா. பட்டாம்பூச்சியைத் திரும்ப ஒட்டணுமாம்

கார்த்தி: நம்பருக்குப் பக்கத்துல ஒட்டச் சொல்லுங்க

ரேவதி சித்தி: சால்வை யாரு எடுக்குறா?