மையர்னு பேரு இருந்தா எல்லாரும் சொந்தமா? ஜெர்மனி, நெதர்லாந்து புதுசா வந்தவங்களுக்கு

ஹவுஸ் ஓனர் மையர், ஆபீஸ் எச்ஆர் மையர், மேல் வீட்டு பாட்டியும் மையர், எல்லாம் ஒரே குடும்பமான்னு அடிக்கடி கேக்குறாங்க. இல்லப்பா. இடைக்காலத்துல பிரபுவோ மடமோ வெச்சிருந்த பண்ணையை மேற்பார்வை பாத்து, குடியானவங்ககிட்ட வரி தானியம் வசூல் பண்ணவர்தான் மையர், நம்மூர் மணியக்காரர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அந்த வேலை ஊருக்கு ஊர் இருந்துச்சு, அதனால சம்பந்தமே இல்லாத குடும்பங்களுக்கு அதே பேரு ஒட்டிக்கிச்சு. மூலம் லத்தீன் மாயோர், நம்ம சென்னை மேயரும் அங்கருந்து வந்தவர்தான், ஆனா இங்க யாரையும் மேயர்னு கூப்பிட்டுடாதீங்க, உச்சரிப்பு மையர்.

யூதக் குடும்பங்கள்ல வர்ற மையர் பல சமயம் வேற வழி, மெயிர்ங்கற ஹீப்ரு பேருலருந்து வந்தது. ரோத்சைல்டு வங்கிக் குடும்பத்தை ஆரம்பிச்ச மையர் ஆம்ஷெல் அந்த வகை, அவருக்கு அது குடும்பப் பேரு இல்ல, சொந்தப் பேரு.

உண்மையான தலைவலி ஸ்பெல்லிங். வடக்க, ஹானோவர் பக்கம், எம்-ஈ-ஒய்-ஈ-ஆர் ஜாஸ்தி. தெற்க ஸ்டுட்கார்ட் பக்கம் போனா எம்-ஏ-ஐ-ஈ-ஆர், பவேரியா ஆஸ்திரியால பல பேரு ஈ-யையே தூக்கிட்டு எம்-ஏ-ஒய்-ஆர்னு எழுதுவாங்க. கேக்க எல்லாம் ஒண்ணுதான். நாட்டுல நம்பர் ஒன் ம்யூல்லர், அடுத்தது ஷ்மிட், ஆனா மையர் வகையறா எல்லா ஸ்பெல்லிங்கையும் கூட்டினா அதுவும் சும்மா இல்ல. அதனால போன்ல பேரு சொன்னா அவங்களே "மையர் மிட் இப்சிலோன்"னு சொல்லிடுவாங்க, அதாவது ஒய் போட்ட மையர். சொல்லலன்னா கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆன்மெல்டுங்குக்கு, அதாவது வீட்டு அட்ரஸை அரசு ஆபீஸ்ல பதிவு பண்றதுக்கு, ஓனர் தர்ற பேப்பர்ல இருக்குற ஸ்பெல்லிங்கை அப்படியே காப்பி பண்ணுங்க, காதுல கேட்டதை வெச்சு எழுதாதீங்க.

நெதர்லாந்துல இதுவே எம்-ஈ-ஐ-ஜே-ஈ-ஆர். அங்க ஐ-ஜே ரெண்டும் சேந்து ஒரே எழுத்து கணக்கு. 1811ல நெப்போலியன் ஆட்சியில குடும்பப் பேரு இல்லாதவங்க பதிவு பண்ணியே ஆகணும்னு உத்தரவு வந்துச்சு, ஆனா நிறைய பேருக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே பேரு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு, டே ஃப்ரீஸ்னு ஒருத்தரை ஆபீஸ் லிஸ்ட்ல தேடினா 'டே'-ல தேடாதீங்க, ஃப்ரீஸ்ல இருப்பாரு. பெல்ஜியம் போனா உல்டா, 'டே'-லதான் இருப்பாரு.

இப்ப நம்ம கதை. ஜெர்மனி அப்பார்ட்மெண்ட்ல பொதுவா கதவு நம்பரே கிடையாது, போஸ்ட்மேன் லெட்டர் பாக்ஸ்ல இருக்குற குடும்பப் பேரை பாத்துதான் போடுவாரு. உங்க பாஸ்போர்ட்ல சர்நேமா அப்பா பேரு இருந்தா லெட்டர் அந்தப் பேருக்குத்தான் வரும், நீங்க செல்லமா கார்த்தின்னு மட்டும் ஒட்டி வெச்சா பேங்க் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் திரும்பிப் போயிடும். ரெண்டு பேரையும் ஒட்டுங்க. ஹெர் (மிஸ்டர்) சுப்ரமணியன்னு கூப்பிட்டா அது அப்பா இல்ல, நீங்கதான், திரும்பிப் பாருங்க. சப்லெட்ல இருக்கீங்கன்னா அட்ரஸ்ல உங்க பேருக்கு கீழ "பை மையர்"னு ஒரு வரி சேருங்க, மையர் வீட்டுல தங்கியிருக்கேன்னு அர்த்தம், பாக்ஸ்ல உங்க பேரு ஒட்டுற வரைக்கும் அது போதும். நெதர்லாந்துல இந்தத் தொல்லை குறைவு, போஸ்ட்கோடும் வீட்டு நம்பரும் சரியா இருந்தா வந்து சேந்துரும்.