ஹல் துறைமுகத்திலிருந்து போய்த் திரும்பாத நீராவி மீன்பிடிக் கப்பல்கள்

கேள்வி: இங்கிலாந்தின் ஹல் நகர நீராவி டிராலர்கள் (வலையை இழுத்துச் செல்லும் மீன்பிடிக் கப்பல்கள்) பற்றிப் படிக்கிறேன். மூழ்கியவை பெரும்பாலும் புயலில்தானா? ஒரே பெயர் வேறு வேறு வருடங்களில் வருவது வேறு குழப்புகிறது.

பதில்: பழைய பெயரையே புதுக் கப்பலுக்கும் வைப்பார்கள். பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள், ஹல் கப்பல் என்றால் எண்ணுக்கு முன்னால் எச் (H) இருக்கும், கிரிம்ஸ்பி என்ற இன்னொரு துறைமுகம் என்றால் ஜிஒய் (GY).

பதில்: புயலோடு பனியும் சேர்ந்தால்தான் ஆபத்து. 1955 ஜனவரி 26 அன்று லொரெல்லா, ரோடெரிகோ என்ற ஹல் டிராலர்கள் இரண்டும் ஐஸ்லாந்துக்கு வடக்கே கவிழ்ந்தன. தெறித்த கடல்நீர் கம்பம், கயிறு என்று எல்லாவற்றிலும் உறைந்து மேல்பாரம் ஏறிக்கொண்டே போக, கோடரியால் வெட்டி வெட்டித் தள்ளியும் ஈடுகொடுக்க முடியவில்லை. 40 பேர் போய்விட்டார்கள்.

பதில்: போரையும் சேருங்க. முதல் உலகப் போரில் கண்ணிவெடி அகற்றப் போய் மூழ்கியவை ஏராளம். அதற்கு முன்பே 1904 அக்டோபரில், ஜப்பானியப் போர்ப்படகுகள் என்று நினைத்து ரஷ்யக் கடற்படை சுட்டதில் கிரேன் என்ற ஹல் டிராலர் வட கடலில் மூழ்கியது. அங்கே ஜப்பான்காரன் எங்கிருந்து வருவான்!