தரைக்குளிரும் முகாம் பாயும்: அனுபவப் பகிர்வு

உவர்மலை

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் மார்கழி மழையோடு வரும் வாடைக்காற்றுதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு போர்வையை இழுத்துக்கொண்டால் அது தீர்ந்துவிடும். அந்த நினைப்போடு மலைக்குப் பாய் வாங்கினால் என்ன ஆகும் என்பதை எழுதத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இருவர் வந்து, "அண்ணா, எந்தப் பாய் நல்லா மெத்தென்று இருக்கும்?" என்று கேட்டார்கள். நானும் முதலில் அதை மட்டும்தான் கேட்டேன்.

ஒரு தை மாதம் நான்கு பேராக ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். 2100 மீட்டர் உயரம். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும் இடம். நான் கொண்டுபோனது மூன்று அங்குலத் தடிப்புள்ள காற்றுப் பாய். கடையில் படுத்துப் பார்த்தபோது வீட்டு மெத்தையைவிடச் சுகமாக இருந்தது. சுருட்டினால் தண்ணீர்ப் போத்தல் அளவுதான். நண்பனிடம் இருந்ததோ இரண்டு சென்ரிமீற்றர் நுரைப் பாய். பைக்குள் அடங்காததால் வெளியே கட்டித் தொங்கவிட்டிருந்தான். இவன் இரவெல்லாம் எப்படிப் படுப்பான் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

இரவு ஒரு மணியிருக்கும், விழிப்பு வந்துவிட்டது. மேலே ஸ்லீப்பிங் பேக் என்கிற பஞ்சு வைத்த உறக்கப் பை, அதற்கும் மேலே ஜாக்கெட். நெஞ்சுப் பக்கம் நல்ல சூடு. முதுகு மட்டும் ஈரச் சிமெந்துத் தரையில் வெறும் மேலோடு படுத்தது போல் இருந்தது. ஒருக்களித்தால் விலாவும் இடுப்பும் குளிர்ந்தன, குப்புறப் படுத்தால் வயிறு குளிர்ந்தது. எந்தப் பக்கம் கீழே போகிறதோ அந்தப் பக்கம்தான் குளிர்கிறது என்று அப்போதுதான் பட்டது. கையை வெளியே விட்டு என் பாயைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த நண்பனுடைய நுரைப் பாயின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. விடியும்வரை கூடாரத்தில் கிடந்த பைகள், மழைக்கோட்டு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் முதுகுக்கு அடியில் சேர்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் பாரத்தில் நசுங்கிவிடுகிறது. அதற்குள் இருக்கும் பஞ்சு காற்றைப் பிடித்து வைத்தால்தான் சூடு நிற்கும். நசுங்கினால் அது வெறும் துணிதான். எனவே கீழிருந்து நம்மைக் காப்பாற்றுவது பாய் ஒன்றே. என் காற்றுப் பாய்க்குள் வெறும் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் காற்று என் உடம்பில் சூடாகி, தரைப் பக்கம் போய்க் குளிர்ந்து, திரும்பத் திரும்பச் சுழன்றபடி என் சூட்டை நிலத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நுரைப் பாயில் காற்று சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது, அசைய இடமில்லை. தடிப்பு அதிகமானால் சூடும் அதிகம் என்ற என் கணக்கு இங்கேதான் பிழைத்தது.

இதை அளப்பதற்குத்தான் ஆர் மதிப்பு என்ற எண் இருக்கிறது. சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே பாயை வைத்து, வெப்பம் கடப்பதைப் பாய் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அளந்து எழுதியது. 2018இல் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 3340 என்ற பொது முறை வந்த பிறகுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடிகிறது. வெறும் காற்றுப் பாய்க்கு இது ஒன்றை ஒட்டித்தான் இருக்கும். மடிக்கும் நுரைப் பாய்க்கு ஏறக்குறைய 2. உள்ளே பஞ்சோ பளபளப்புத் தாளோ வைத்த காற்றுப் பாய்களுக்கு 3, 4 என்று ஏறும். பனியில் படுப்பவர்கள் 5க்கு மேல் தேடுகிறார்கள், நமக்கு அது தேவையில்லை. நக்கிள்ஸ், நுவரெலியா, ஹோட்டன் சமவெளி எதற்கானாலும் 3 இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது என் அனுபவம். குளிர் தாங்காத உடம்பென்றால் 4 பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த விசயம். இரண்டு பாய்களை அடுக்கினால் இரண்டின் ஆர் மதிப்பும் கூடும். பழைய காற்றுப் பாயை நான் எறியவில்லை. 400 கிராம் நுரைப் பாய் ஒன்று வாங்கி இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகிறேன். சூட்டுக்கு நுரை, இடுப்புக்குக் காற்று. மறு வருசம் அதே சமவெளியில் விடியும்வரை தூங்கினேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். முக்கியமாகச் சத்தம் பற்றி யாராவது சொன்னால் நல்லது.

உப்புவெளி

சத்தம் பற்றி நான் சொல்கிறேன். ஆர் மதிப்பெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன், 4க்கு மேல், எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. சூட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சொப்பிங் பையைக் கசக்குவது போல ஒரு சரசரப்பு. உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்புவதற்காக உள்ளே மெல்லிய பளபளப்புத் தாள்களை அடுக்கியிருக்கிறார்கள், அவைதான் அந்தச் சத்தத்தைப் போடுகின்றன. என் மச்சாளும் நானும் நக்கிள்ஸ் மலைக் கிராமமான மீமுரைப் பக்கம் போனபோது ஒரே கூடாரம். நடு இரவில் அவள் மெதுவாக, "அண்ணி, கொஞ்சம் அசையாமப் படுங்கோவன்" என்றாள். பாவம், பகல் முழுக்க நடந்து களைத்த பிள்ளை. அதற்குப் பிறகு அசையவே பயந்து, ஒரே பக்கமாகக் கிடந்து தோள் மரத்துப்போனது. எனக்கும் தூக்கமில்லை, அவளுக்கும் இல்லை.

பாயின் மேல் பருத்திச் சேலைத் துண்டு ஒன்றை விரித்துப் பார்த்தேன். துணியோடு துணி உரசும் சத்தம் போனது, உள்ளிருந்து வரும் சத்தம் போகவில்லை. காற்றைக் கொஞ்சம் குறைத்தபோது பாதியாகத் தணிந்தது. அதிலேயே எனக்கு வேறொரு நன்மையும் தெரிந்தது. நான் ஒருக்களித்துப் படுப்பவள். பாயைக் கல்லுப் போல ஊதினால் இடுப்பும் தோளும் நோகும். படுத்த நிலையிலேயே வால்வைத் திறந்து, இடுப்பு தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மூடினால் உடம்பு அப்படியே பொருந்திக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் இதற்காகவே தடிப்பான பாயாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இப்போது வைத்திருப்பது உள்ளே செயற்கைப் பஞ்சு வைத்த பாய். கிட்டத்தட்ட 150 கிராம் கூடுதல், சுருட்டினாலும் கொஞ்சம் பெரிது. ஆனால் சத்தமே இல்லை. துணையோடு படுப்பவர்களுக்கு அந்த 150 கிராமைச் சுமப்பது நட்டமில்லை. கடைக்குப் போனால் மல்லாந்து படுத்து எழும்பிவிடாதீர்கள். முழங்கையை ஊன்றுங்கள், இரண்டு மூன்று தடவை புரளுங்கள், காது பாயில் இருக்கும்போது கேளுங்கள். நின்று கேட்கும் சத்தம் வேறு, காது வைத்துக் கேட்கும் சத்தம் வேறு. நம்மூர்க் கடற்கரையில் விரிப்பதானால் பருத்தி விரிப்பைக் கட்டாயம் கொண்டுபோங்கள். சூடான கச்சான் காற்றடிக்கும் வைகாசி, ஆனியில் நைலோன் துணி முதுகில் ஒட்டிக்கொண்டு வரும்.

வெருகல்

நான் மலைக்குப் போகிறவனில்லை. கதிர்காமப் பாதயாத்திரையில் நடக்கிறவன். எங்கள் வெருகல் முருகன் கோயிலில் தங்கிப்போகும் அடியார்களோடு சேர்ந்து மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு குமண, யால காடு என்று நடப்போம். முதல் தடவை அம்மம்மாவின் பன்புல் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கோயில் மண்டபத்துச் சிமெந்தில் ஒரு வாரம் படுத்ததும் இடுப்பெலும்பு சொல்லிவிட்டது. மருமகன் வெளிநாட்டிலிருந்து காற்றுப் பாய் கொண்டுவந்து தந்தான். அதை விரித்த இரண்டாம் இரவே நெருஞ்சி முள் குத்தி, விடியும்போது நான் தரையில் கிடந்தேன்.

இப்போது நுரைப் பாய்தான். முள் குத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஊதவும் வேண்டாம், சத்தமும் இல்லை. நடுவழியில் மர நிழலில் இருக்க அதையே மடித்துப் போட்டுக்கொள்ளலாம். சிமெந்தில் அது போதாது என்பது உண்மைதான். ஆனால் மணலில் படுக்கும்போது ஒரு வழி இருக்கிறது. பாயை விரிப்பதற்கு முன் இடுப்பு வரும் இடத்தில் ஒரு சட்டி அளவுக்கு மணலைக் கையால் அள்ளி, தலை வரும் பக்கம் குவித்துவிடுங்கள். அந்தக் குழியில் இடுப்பு அமர்ந்தால் காலையில் நோ இருக்காது. உகந்தைக் கடற்கரை மணலில் அப்படிப் படுத்த இரவுகளைப் போல வீட்டில்கூடத் தூங்கியதில்லை.

உவர்மலை

ஐயா, நெருஞ்சி முள்ளைச் சொன்னீர்கள். எழும்பிப்போய் என் பாயை ஊதி, மேலே நான்கு கொப்பிக் கட்டுகளை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் தொய்ந்திருந்தது. ஆனால் உடனே ஓட்டை என்று முடிவுகட்டக் கூடாது. மாலை வெயிலில் ஊதிய பாய் இரவுக் குளிரில் தானாகவே தளரும், உள்ளேயுள்ள காற்று சுருங்குவதால். மலையில் படுக்கப் போகுமுன் இரண்டு ஊது கூடுதலாக ஊத வேண்டியது அதனால்தான். நம்மூர் இரவில் அவ்வளவு தளர வாய்ப்பில்லையே என்று சவர்க்கார நுரையைத் துணியில் தோய்த்துப் பாய் முழுக்கத் தடவினேன். கால்மாட்டில், தையலை ஒட்டி, கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பெருத்து உடைந்தது, அதே இடத்தில் மறுபடி பெருத்தது. பேனையால் வட்டம் போட்டு, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டுத்துண்டு போட்டிருக்கிறேன். பசை நன்றாக இறுகும்வரை ஊதப் போவதில்லை. நாளை இரவு மறுபடி கொப்பிக் கட்டுகளை ஏற்றி வைத்துவிட்டு, காலையில் எழுதுகிறேன்.