புதுப்பிப்பு: மாடி அறைக்குக் கேபிள் வந்துவிட்டது

கீழே இருக்கும் ரவுட்டரின் வைஃபை மாடி அறைக்குச் சரியாக எட்டவில்லை, கேபிள் இழுக்கலாமா, மெஷ் (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் பல கருவிகளின் தொகுப்பு) வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கேபிளே இழுத்தாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சுவரை உடைக்கவில்லை. பழைய டிவி வயர் போன பைப் ஒன்று பயனில்லாமல் கிடந்தது. அந்த வயரின் நுனியில் கேட்6 என்ற வகை நெட்வொர்க் கேபிளை டேப் சுற்றிக் கட்டி, ஒருவர் மேலிருந்து இழுக்க, இன்னொருவர் கீழிருந்து தள்ள, வளைவில் மட்டும் கொஞ்சம் அடம்பிடித்து வந்து சேர்ந்தது. மின்சார வயர் ஓடும் பைப்பில் விடாதே என்று சொன்னீர்களே, அது மிக நல்ல யோசனை.

அப்புறம் ஒரு சிக்கல். இணைப்பு கிடைத்தது, வேகம் மட்டும் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100க்கு நான்கே போதும். மாடிப் பக்கக் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி முனைவரை வரவே இல்லை. அந்தக் கனெக்டரை வெட்டிவிட்டு, கீழ் முனையில் உள்ள அதே வண்ண வரிசையில் புதிய கனெக்டரை கிரிம்ப் செய்ததும் (கருவியால் அழுத்திப் பொருத்தியதும்) 1000 காட்டியது.

கேபிள் வாங்கப் போகிறவர்கள் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் வளைத்தால் சீக்கிரம் ஒடிந்துவிடும்.