மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்: ஃபோர் வீல் போட்டால் பிடித்து இழுக்கிறது, லிவர் திரும்ப வரவில்லை, அவசரம்

கடையால் ரப்பர்
எல்லாருக்கும் வணக்கம். ஜீப்பில் ஃபோர் வீல் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை) போட்டால் வண்டி பிடித்துக்கொண்ட மாதிரி ஓடுகிறது, வளைவில் ஸ்டியரிங் திருப்ப முடியவில்லை, கீழே இருந்து டக் டக் என்று அடிக்கிறது. லிவரை எடுக்கப் போனால் வரமாட்டேன் என்கிறது. மெக்கானிக் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) இறக்கணும், 18,000 ஆகும் என்கிறார். கையில் இருப்பதே 25,000, அதில்தான் பிரேக்கும் பார்க்கணும். மழை பிடிப்பதற்குள் தோட்டத்துக்கு ஏறி இறங்கணும். இறக்கவா வேண்டாமா, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குலசேகரம் டீசல்
எந்த வருஷ வண்டி? என்ன டயர், நாலும் ஒரே சைஸா? எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள், தார் ரோடா மண் ரோடா? முன் ஹப் வேண்டாதபோது விடுவிக்கிற லாக்கிங் ஹப்பா, எப்போதும் சக்கரத்தோடு பூட்டியே இருக்கிற சாதா ஃபிளாஞ்சா? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது.

முட்டம் கரை
துரு. முதலில் அதைப் பாருங்கள். எங்கள் பக்கம் கடல்காற்றில் ஜீப்புக்கு முதலில் போவது லிவர் லிங்கேஜும் பிவட் பின்னும்தான். டீசலும் கிரீஸும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஆட்டிக் கொடுத்தால் லிவர் தானாக வரும். என் வண்டியில் அப்படித்தான் சரியானது.

வில்லிஸ் பிரியன்
இந்தக் கேள்வி வருஷா வருஷம் வருகிறது, பழைய பதில்களைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நடு கியரைத் தாங்குகிற இன்டர்மீடியட் ஷாஃப்டும் அதன் நீடில் பேரிங்கும் தேய்ந்திருக்கும். ஷாஃப்ட் ஆடும்போது கியர் சாய்ந்து பிடிக்கும், லிவர் வராது. டக் டக் சத்தமும் அதுதான். இதை நான் எத்தனையோ வண்டியில் பார்த்தவன். மெக்கானிக் சொன்னது சரி, இறக்குங்கள். ஜீப் வைத்துக்கொள்கிறவர் அடிப்படையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் தம்பி.

கடையால் ரப்பர்
87 மாடல், பெஜோ இன்ஜின். ஹப் சாதா ஃபிளாஞ்ச்தான். டயர் 6.00-16 நாலும். முன்னால் இரண்டும் போன மாசம் போட்ட ரீமோல்டு (பழைய டயரில் புது ரப்பர் ஏற்றியது), பின்னால் பழசு, பட்டன் பாதி தேய்ந்தது. கடையாலில் இருந்து ஆறுகாணி போகிற ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், தார்தான். முட்டம் அண்ணே, துரு இல்லை, லிங்கேஜ் எல்லாம் கழற்றி கிரீஸ் வைத்தாச்சு.

குலசேகரம் டீசல்
தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டால் எந்த நல்ல ஜீப்பும் இப்படித்தான் இழுக்கும். இந்த வண்டியில் முன் பின் ஆக்சிலுக்குப் போகிற இரண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்றாகப் பூட்டிக்கொள்கிறது, நடுவில் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃப்ரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம். மண்ணாக இருந்தால் ஏதாவது ஒரு டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். தாரில் சறுக்காது. அதனால் ஷாஃப்ட், அதன் மூட்டான கிராஸ், கியர் எல்லாம் முறுக்கேறி நிற்கும், அந்த முறுக்கில்தான் லிவர் மாட்டிக்கொள்கிறது. நேராக ரிவர்ஸில் கொஞ்ச தூரம் எடுத்துப் பாருங்கள், முறுக்கு விட்டதும் லிவர் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் டக் என்று விடும்.

ஆனால் வளைவில் மட்டும் இழுக்கிறதா, நேர் ரோட்டிலும் இழுக்கிறதா? இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பணகுடி லோடு
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுட்டு டூ வீலாகவே ஓட்டுங்க. இல்லைன்னா பெஜோவைத் தூக்கிட்டு மஹிந்திராவோட ஒரு டி.ஐ. இன்ஜின் போட்டுருங்க, இழுவை தனி. எங்க ஊர்ல பாதி வண்டி அப்படித்தான் ஓடுது.

தக்கலை ஆர்.சி.
பணகுடிக்காரரே, இன்ஜின் மாற்றுவது சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் வேறு வகை இன்ஜின் போட்டால் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது மாட்டும். 87 வண்டிக்கு 15 வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டித்தான் நீட்டிக்கணும். கட்டணமும் 2022 ஏப்ரலில் இருந்து முன்பு மாதிரி இல்லை, நன்றாகவே ஏறிவிட்டது. அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

பணகுடி லோடு
சட்டம் பேசினா எந்தப் பழைய வண்டியும் ரோட்டுல ஓடாது சார். தோட்டத்துக்குள்ள ஓடுற வண்டிக்கு யார் வந்து பார்க்கப் போறா?

தக்கலை ஆர்.சி.
ஆறுகாணிக்குத் தோட்டத்துக்குள்ளேயே பறந்தா போகிறார்? ரோடு வழியாகத்தானே. ஏதாவது ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இன்ஜின் நம்பரைத்தான் பார்ப்பார். அப்போது நீங்கள் வந்து நிற்பீர்களா?

அருமனை லேத்
சண்டை போதும். டூ வீலாக ஓட்டச் சொல்கிறவர்களுக்கு ஒன்று: இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் ஃபோர் வீல் போடாமல் லோ கியர் (மெதுவாக, பலமாக இழுத்துப் பிடிக்கிற கியர்) விழாது, உள்ளே தடுக்கிற இன்டர்லாக் இருக்கிறது. மழையில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு செம்மண் இறக்கத்தில் இறங்குகிறவருக்கு லோ இல்லாவிட்டால் பிரேக்கை நம்பித்தான் இறங்கணும். பிரேக்கும் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார்.

கடையால் ரப்பர்
ரிவர்ஸ் எடுத்தேன், லிவர் வந்துவிட்டது!! குலசேகரம் அண்ணே ரொம்ப நன்றி. ஆனால் நேர் ரோட்டிலும் இழுக்கத்தான் செய்கிறது. கொஞ்ச தூரம் போனதும் வண்டி அமுங்கின மாதிரி ஆகி ஒரு தடவை டங் என்று அடித்து விடும், மறுபடி அமுங்கும். மண் ரோட்டிலும் லேசாக இருக்கிறது. முன் டயரில் பட்டன் ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி தேய்ந்திருக்கிறது, புது ரீமோல்டு, மனசு கேட்கவில்லை. பின் ஆக்சில் ஒன்றும் பிரச்சினை இல்லை, அதன் ஹவுசிங் (வெளிக்கூடு) வெல்டிங் விட்டுப்போய் போன வருஷம் ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் எடுத்த வேறு ஹவுசிங்தான் போட்டிருக்கிறது, சத்தமில்லாமல் ஓடுகிறது.

அருமனை லேத்
அதைத்தானே முதலில் சொல்லணும் மக்கா! பின் ஹவுசிங் வேறு வண்டியுடையதா? அது போட்ட பிறகு ஏற்றத்தில் இழுவை கூடி, ஓட்டம் குறைந்ததா?

கடையால் ரப்பர்
ஆமா அண்ணே. மூன்றாவது கியரிலேயே ஏற்றம் ஏறுகிறது, ஆனால் நேர் ரோட்டில் இன்ஜின் கதறுகிறது. இன்ஜின் டியூனிங் என்று நினைத்தேன். ஸ்பீடோமீட்டர் ஓடாது.

அருமனை லேத்
எனக்கு சந்தேகம் கிரவுன் பினியன் ரேஷியோவில்தான், அதாவது ஆக்சிலுக்குள் ஷாஃப்ட் சுற்றைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற பல்சக்கர ஜோடியில். பழைய சி.ஜே. ஜீப்புகளில் 8/43 வரும், அதாவது பினியனில் 8 பல், கிரவுனில் 43, ரேஷியோ 5.38. உங்கள் வண்டியில் 8/39 இருக்கணும், 4.88. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றால் ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரம் பின் சக்கரத்தை விடப் பத்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றப் பார்க்கும். வண்டி 100 மீட்டர் போனால் முன் டயர் 110 மீட்டர் ஓடப் பார்க்கும், மிச்சம் 10 மீட்டரும் ரோட்டில் தேய்ந்துதான் தீரணும். உங்கள் டயர் ரம்பம் ஆனது அதனால்தான் இருக்கும். டயர் பழசு புதுசு என்ற வித்தியாசம் இவ்வளவு இழுக்காது.

கேஸ் இறக்காமல், காசு செலவில்லாமல் பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி மற்ற மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் கொடுங்கள். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். பழைய மாடலில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில்தான் இருக்கும், ஒரு பின் சக்கரம் தூக்கியிருந்தால் அது வண்டியைப் பிடிக்காது. அதோடு எண்ணும்போது அதை விட்டும் வைக்கணும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் சுற்றாது. கியர் நியூட்ரல், ஃபோர் வீல் லிவர் வெளியே. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஆக்சிலுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். டயரிலும் ப்ரொபெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸில் கோடு போட்டு, டயரைக் கையால் 10 சுற்று சுற்றி ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று ஒருவர் கீழே இருந்து எண்ணணும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் ஆக்சிலுக்குள் இருக்கிற டிஃப்ரன்ஷியல் ஷாஃப்ட் சுற்றைப் பாதியாக்கிவிடும். 8/39 என்றால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட இருபத்து நாலரை வரும், 8/43 என்றால் கிட்டத்தட்ட 27. அதே மாதிரி முன்னாலும்.

வில்லிஸ் பிரியன்
சாக்பீஸ் கணக்கில் வண்டி சரியாகாது. இன்டர்மீடியட் ஷாஃப்டை யாரும் பார்க்கவில்லை. கேஸைத் திறக்காமல் சொல்வதெல்லாம் ஊகம்.

குலசேகரம் டீசல்
பிரியன் சார், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் கையில் 25,000 ரூபாய்தான், அதில் 18,000-ஐ ஊகத்துக்குக் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை. கேஸ் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலைப் பார்க்கட்டும். இரும்புத் துண்டு வந்தால் நீங்கள் சொல்கிற வேலை. கை விரலில் தேய்த்தால் மினுங்குகிற நைஸ் தூள் மட்டும் என்றால் பழைய வண்டிக்கு அது சகஜம், புது 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றி மூடலாம்.

முட்டம் கரை
ஹவுசிங் ஆக்கர் கடையில் எடுத்தது என்றால் உள்ளே துருவும் இருக்கும், சொல்லிவிட்டேன்.

கடையால் ரப்பர்
எண்ணியாச்சு. முன்னால் இருபத்து நாலரை, பின்னால் 27க்குக் கொஞ்சம் கம்மி. தம்பியை வைத்து மறுபடி எண்ணினேன், அதேதான். கேஸ் ஆயிலில் துண்டு ஒன்றும் இல்லை, கருப்பாக இருந்தது, மாற்றிவிட்டேன். பின்னால் 8/39 போடுவதா, முன்னால் 8/43 போடுவதா?

அருமனை லேத்
பின்னாலேயே மாற்றுங்கள். முன்னால் போட்டால் ஏற்றத்துக்கு நல்லதுதான், ஆனால் மார்த்தாண்டத்துக்கு ஷீட் கொண்டுபோகும்போது இன்ஜின் கதறல் அப்படியே இருக்கும், முன் ஆக்சிலில் ஸ்டியரிங் நக்கிள் எல்லாம் கழற்றுகிற வேலையும் கூடுதல். உங்கள் பழைய ஹவுசிங்கில் விட்டது வெல்டிங் மட்டும்தானே, அதன் உள்சாமான் எங்கே? இருந்தால் அந்தக் கிரவுன் பினியனையே ஜோடியாக இதில் ஏற்றலாம். கிரவுனை ஒன்றிலும் பினியனை இன்னொன்றிலும் எடுத்துச் சேர்க்கவே கூடாது. ஷிம் தகடு வைத்து பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இடைவெளி) பார்த்து, பல்லில் சிவப்புப் பூசி எங்கே உரசுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் மூடுகிற பட்டறையில் விடவேண்டாம். அதுவரை ஃபோர் வீல் லிவரைத் தொடாதீர்கள். மிச்சப் பணத்தில் பிரேக்கை முடியுங்கள்.

பணகுடி லோடு
நான் சொன்ன மாதிரி முன் ஷாஃப்டைக் கழற்றியிருந்தா என்னைக்கோ வண்டி ஓடியிருக்கும்.

கடையால் ரப்பர்
பழைய உள்சாமான் மெக்கானிக் பட்டறை மூலையில் எண்ணெய் போட்டு வைத்தபடியே இருந்தது. ஏற்றியாச்சு. மண் ரோட்டில் லிவர் விழுகிறது, வருகிறது, வண்டி பிடித்து இழுப்பதும் இல்லை. வீல் சிலிண்டர் நாலும் மாற்றினேன். எல்லாருக்கும் நன்றி.

குலசேகரம் டீசல்
சந்தோஷம். ஹவுசிங் மேலே பிரீதர் (காற்றுத் துளை) இருக்கும், அது மண் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகத் தள்ளும், புதுசாகப் போட்ட பிரேக் லைனிங்கில் போய் இறங்கும். பின் டிரம்மில் ஆயில் கசிவு ஏதும் தெரிகிறதா?