ஏற்காடு ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங் ஆகும் 1997 மாருதி 800: வீட்டிலேயே காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி (கோரிமேடு, சேலம்)

வணக்கம். என் தந்தை சென்னையில் பணியாற்றியபோது 1997-இல் வாங்கிய மாருதி 800 காரை, அவர் காலத்துக்குப் பிறகு நான் ஓட்டி வருகிறேன். கார்புரேட்டர் வைத்த மூன்று சிலிண்டர் வண்டி. ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருப்பதால் வாரத்தில் ஐந்து நாள் கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வழியாக மலை ஏறி, மாலையில் இறங்குகிறேன்.

இரண்டு மாதங்களாக வண்டி மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது இன்ஜின் இடையிடையே எரியாமல் விட்டுவிட்டு ஓடுகிறது. சமதரையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. அடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், சீரான இடைவெளியில் உதைத்து உதைத்து இழுவை போய்விடுகிறது. மழையிலும் மூடுபனியிலும் இது மிக அதிகம். நல்ல வெயில் நாளில் பாதி அளவுதான். ஐடிலிங்கிலும் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மட்டும் ஓடும் நிலை) லேசான நடுக்கம் உண்டு.

ஒரு பணிமனையில் காட்டினேன். முதலில் மூன்று பிளக்குகளையும் மாற்றினார்கள், பிறகு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், அதன்பின் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். புது பிளக் போட்ட பிறகு நான்கு நாள் நன்றாக ஓடிப் பழையபடி ஆனது. மற்ற இரண்டால் எந்த மாற்றமும் இல்லை. இப்போது இன்ஜினையே பிரித்து வேலை செய்ய 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன், பதில் கிடைக்கவில்லை.

என்னிடம் பிளக் ஸ்பேனரும், ஸ்க்ரூ டிரைவர்களும், ஒரு மல்டிமீட்டரும் இருக்கின்றன. பொறுமையும் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (சூரமங்கலம், ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்)

வணக்கம் அம்மா. நீங்கள் அறிகுறிகளை எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. எந்த நிலையில் கோளாறு வருகிறது, எந்த நிலையில் வருவதில்லை என்று பிரித்துப் பார்த்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஏற்றத்தில் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது, சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறையப் புகுந்து அழுத்தம் மிகுதியாகிறது. அழுத்தம் கூடிய இடத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்டேஜ் தேவைப்படும். உயர் வோல்டேஜை உண்டாக்கும் இக்னிஷன் காயில் அதைக் கொடுக்க முயலும்போது, பிளக் வயரிலோ அதன் ரப்பர் தொப்பியிலோ, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பிலோ பலவீனமான இடம் இருந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக இன்ஜின் உலோகத்துக்குக் கசிந்துவிடும். சமதரையில் தேவைப்படும் வோல்டேஜ் குறைவு என்பதால் கசிவு நேர்வதில்லை. ஈரம் சேர்ந்தால் கசிவுக்கு வழி இன்னும் எளிதாகிறது. சுமையில் மிஸ்ஸிங், பனியில் கூடுதல் மிஸ்ஸிங் என்ற உங்கள் இரண்டு குறிப்புகளும் பொறியை உண்டாக்கும் இக்னிஷன் பக்கத்தையே காட்டுகின்றன.

கலவை இன்ஜினுக்குள் போகும் இன்டேக் பக்கம் எங்கேனும் காற்றுக் கசிவு இருந்தால் நிலைமை நேர்மாறாக இருக்கும். ஐடிலிங்கில் வாக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) அதிகமாக இருக்கும்போதுதான் அது வெளிக்காற்றை உறிஞ்சித் தொல்லை கொடுக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால் வாக்குவம் குறைந்து, தொல்லையும் குறையும். எனவே அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

முதலில் இருட்டுச் சோதனை செய்யுங்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, திறந்த இடத்தில் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடுவது உயிருக்கு ஆபத்து. வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குச் செங்கல் வையுங்கள். சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ நன்றாகச் சொருகிக்கொண்டு, ரேடியேட்டர் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் தள்ளியே நில்லுங்கள். அந்த விசிறி மின்சாரத்தில் ஓடுவதால் எதிர்பாராத நேரத்தில் சுழலத் தொடங்கும். வேறு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். அப்படி அழுத்தும் கணத்தில் சிலிண்டர் அழுத்தம் கூடுகிறது, மலையில் நடப்பது சிறிய அளவில் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. பிளக் வயர்களின் மீதும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைச் சுற்றியும் நீல நிறத்தில் மெல்லிய பொறி தெரிகிறதா, 'டிக் டிக்' என்ற ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால், செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் நீரைப் பனிபோல மிக மெல்லியதாக வயர்களின் மேல் தெளித்துவிட்டு மறுபடியும் பாருங்கள். ஓடும் இன்ஜினில் எந்த வயரையும் தொடாதீர்கள். அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் யாரும் அருகில் நிற்கவே கூடாது.

மல்டிமீட்டரில் வயரின் மின்தடையை அளந்து, அளவு சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அது வயரின் உட்கம்பி அறுந்திருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். மேலுறையின் வெடிப்பு வழியாக உயர் வோல்டேஜ் கசிவதை, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் மீட்டர் காணாது. எத்தனையோ மெக்கானிக்குகள் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, இன்ஜின் ஆறிய பிறகு கேப்பைக் கழற்றி உட்புறத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கீறியதுபோல ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்கோ விளிம்புக்கோ கறுப்புக் கோடு ஓடினால் அது கரித்தடம்; மின்சாரம் அதன் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். சுரண்டிவிட்டால் சில நாள் தாங்கும், பிறகு திரும்ப வரும். பிளக்குகளைக் கழற்றியதும் வெள்ளைப் பீங்கான் பகுதியிலும் இதே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர் தொப்பிக்குள் புது பிளக்கைச் செருகினால், தொப்பியின் உட்புறத்தில் இருக்கும் கரித்தடம் புது பிளக்கின் மீதும் தடம் பதித்துவிடும். நான்கு நாள் நன்றாக ஓடிப் பிறகு கெட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு மிக முக்கியமான குறிப்பாகப் படுகிறது.

வயர்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டுங்கள். டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து முதல் சிலிண்டர். எரியும் வரிசை 1-3-2. வயரைப் பிடித்து இழுக்காமல் தொப்பியைப் பிடித்துத் திருகி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வண்டி சென்னையில் வாங்கியது என்பதால் அது இருக்க வாய்ப்பு உண்டு. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் அது பழுக்கக் காய்ந்துவிடும். மிஸ்ஸிங்கோடு தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதை, கோளாறு தீரும்வரை தயவுசெய்து நிறுத்துங்கள். இறங்கிய பின் காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தவும் வேண்டாம்.

மறுமொழி 2 (நாகலூர், ஏற்காடு)

சகோதரிக்கு வணக்கம். நானும் பழைய கார்புரேட்டர் வண்டியை மலையில்தான் ஓட்டுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் இருக்கின்றன. மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் கார்புரேட்டர் கொடுக்கும் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடி, பிளக் கரி பிடிக்கிறது. என் வண்டியில் ஐடிலிங் கலவையைக் குறைத்த பிறகே மேலே ஒழுங்காக நின்றது. அதையும் பாருங்கள்.

மேலும், இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் அக்காலத்து ரப்பர் குழாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பெட்ரோல் குழாயைக் கையால் வளைத்துப் பார்த்து, மேலே வெடிப்பு தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ மாற்றிவிடுங்கள். மிஸ்ஸிங்கிற்கு அது காரணமாக இல்லாவிட்டாலும், இருட்டுச் சோதனையில் பொறியைத் தேடும்போது அருகில் பெட்ரோல் கசியக் கூடாது.

மறுமொழி 3 (சூரமங்கலம்)

நாகலூர் நண்பர் குழாயைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். குழாயைச் சரிபார்த்த பிறகே இருட்டுச் சோதனை.

உயரத்தைப் பற்றிச் சொன்னதும் உண்மையே. ஆனால் உயரத்தால் கலவை மாறினால் மூன்று சிலிண்டருக்கும் ஒன்றுபோல மாறும். இன்ஜின் மொத்தமாக மந்தமாகும். சீரான இடைவெளியில் உதைப்பது ஒரே ஒரு சிலிண்டர் விட்டுப்போவதன் அடையாளம். அதோடு, அம்மாவின் வண்டியில் அடிவாரம் தாண்டியதுமே தொல்லை தொடங்கிவிடுகிறது. அங்கே உயரம் இன்னும் பெரிதாகக் கூடவில்லை. மூன்று பிளக்குகளையும் வரிசையாகக் காகிதத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். மூன்றும் காய்ந்த கரியாக இருந்தால் நண்பர் சொல்லும் கலவைக் கோளாறு. ஒன்று மட்டும் பெட்ரோல் நனைந்து, மற்றவை இளம்பழுப்பாக இருந்தால், அந்த ஒன்றுக்குப் பொறி போகவில்லை. எண்ணெய்ப் பசை தெரிந்தால் மட்டுமே பிஸ்டன் ரிங், வால்வு சீல் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் நாகலூர் சகோதரருக்கும் நன்றி. இந்த வாரம் பேருந்தில் போய்வந்துகொண்டு, மாலை நேரங்களில் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

பெட்ரோல் குழாய் இரண்டு இடங்களில் வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன். இருட்டுச் சோதனையில் நீர் தெளிக்காமலேயே, இரண்டாம் வயரின் தொப்பிக்கு அருகிலிருந்து இன்ஜின் உலோகத்துக்கு நீலப் பொறி குதித்தது. என் தம்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் தெரிந்தது, விட்டதும் மறைந்தது. பார்த்தபோது என்னை அறியாமல் சத்தமாகக் கூவிவிட்டேன். ஐயா எச்சரித்தபடியே, அந்த இரண்டாம் வயர் மீட்டரில் 6.1 கிலோ ஓம் என்று மற்ற இரண்டையும் ஒட்டியே காட்டியது. இரண்டாம் பிளக் நனைந்திருந்தது, அதன் பீங்கானில் மெல்லிய கறுப்புக் கோடும் இருந்தது. கேப்பின் உட்புறம் சுத்தமாகவே இருந்தது, ஆனால் முனைகள் பச்சை பூத்திருந்தன.

வயர்களை முழு செட்டாகவும், கேப்பையும், அதனுள் சுழலும் ரோட்டாரையும், இரண்டாம் பிளக்கையும் மாற்றினேன். நேற்றுக் காலை நல்ல மூடுபனியில் மேலே போனேன். இருபது வளைவிலும் ஒரு உதைப்பு இல்லை.

ஐடிலிங் நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி, காயில் இணைப்பைக் கழற்றி, மூன்று பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி பார்த்தேன். முதல் சிலிண்டர் 165, இரண்டாவது 162, மூன்றாவது 135 பி.எஸ்.ஐ. காட்டின. இது இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அளவுதானா?

மறுமொழி 4 (சூரமங்கலம்)

மிகுந்த மகிழ்ச்சி அம்மா. மூன்றாவது சிலிண்டர் குறைவுதான், ஆனால் முடிவுக்கு வர இன்னும் இரண்டு சோதனைகள் உள்ளன. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை மூன்றாவது சிலிண்டருக்குள் விட்டு மீண்டும் அளவெடுங்கள். அளவு நன்றாக உயர்ந்தால் ரிங் தேய்மானம். உயராவிட்டால் காற்று வால்வு வழியாகப் போகிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) சந்தேகித்திருப்பேன். உங்களுக்கு அப்படி இல்லை.

வால்வு என்று தெரிந்தால், இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில் மேல் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஓட ஓட வால்வு அதன் இருக்கையில் மெல்ல உள்ளிறங்கி, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் இடைவெளியே இல்லாமல் போவது பழைய வண்டிகளில் வழக்கம். அப்போது வால்வு முழுவதும் மூடாது. ஐடிலிங்கில் நடுக்கமாகத் தெரியும். உங்கள் இன்ஜினில் டாப்பெட்டை ஸ்க்ரூவால் சரிசெய்யலாம். அளவு கையேட்டில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

ஆயில் விட்ட பிறகும் 138-தான். மூன்றாவது எக்ஸாஸ்ட் டாப்பெட்டில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கையேட்டின் அளவுக்கு வைத்தேன். இப்போது 150 காட்டுகிறது, நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது.

மறுமொழி 5 (சூரமங்கலம்)

அந்த வால்வின் விளிம்பு சற்றே தீய்ந்திருக்கக்கூடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே கேஜில், அதே முறையில் மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள். 150 நிலைத்திருந்தால் வண்டியை அப்படியே ஓட்டலாம். மீண்டும் இறங்கினால் ஹெட்டை மட்டும் இறக்கி அந்த வால்வைப் பார்த்தால் போதும். பிஸ்டன் வரை பிரிக்க உங்கள் அளவுகளில் எந்தக் காரணமும் இல்லை. பிளக்குகளைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஹெட் அலுமினியம் என்பதால், மரை கோணலாக ஏறிவிட்டால் அது மிஸ்ஸிங்கை விடப் பெரிய வேலையாகிவிடும்.